உண்டியலும் கணக்கேடும்



அறம் செய்தல் நன்று என்பதனை நாம் அனைவரும் அறிவோம். பள்ளியில் பாடமாகப் படிக்கின்றோம். கோயிலில் பெரியோர் சொல்லக் கேட்கின்றோம். திருக்குறளில் வள்ளுவர் பெருமான் 'ஒப்புரவறிதல்' என்று ஓர் அதிகாரமும், அதனை அடுத்து 'ஈகை' என்று ஓர் அதிகாரமும் வைத்துள்ளார். ஈகைக்கு முன்னே ஒப்புரவு வைக்கப்பட்டிருத்தலை நாம் கருதிப் பார்த்தல் வேண்டும். ஒருவர் தம் கையிலிருந்து எடுத்துக் கொடுப்பது ஈகை. ஊரோடு ஒத்து, ஊராரின் தேவையறிந்து வாழ்வது ஒப்புரவு. பிறர்பொருட்டுப் பலரிடமும் சென்று நிதி திரட்டும் செயல், இவ்விரண்டும் ஒன்று சேரும் இடமாகும்.

இச்செயலில் தாயோ தந்தையோ தம் இளம்பிள்ளையையும் உடன் அழைத்துச் செல்வாராயின், அப்பிள்ளை கற்பது என்ன? கற்க வேண்டாதது எதையேனும் கற்றுவிடவும் கூடுமா? இவ்விரு வினாக்களையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். பிறர் கதையைச் சொல்லுமுன் என் கதையையே சொல்லித் தொடங்குகின்றேன்.

1. ஒரு மைலோ தகரத்தின் கதை

அது 1978ஆம் ஆண்டு. எனக்கு எட்டு வயது. தோட்டப் பள்ளியில் இரண்டாம் ஆண்டு படித்துக் கொண்டிருந்தேன். என் தந்தையார் பால்மரம் வெட்டும் தொழிலாளி. நாங்கள் குடியிருந்த லயத்திற்கு அடுத்த லயத்தில் இருந்த மற்றொரு தொழிலாளியின் மேல் ஒரு நாள் காலை வேலைக்காட்டில் காய்ந்த மரக்கிளை ஒன்று முறிந்து விழுந்தது. அவருக்குத் தொடை எலும்பு முறிந்தது. நகர மருத்துவமனையில் படுக்க வைத்தார்கள். எழுந்து நடக்கப் பல மாதங்கள் ஆகும் என்று சொன்னார்கள். வீட்டில் ஐந்து பிள்ளைகள். மூத்தவனுக்குப் பத்து வயது. சட்டப்படி வரவேண்டிய உதவித் தொகை என்றேனும் ஒரு நாள் வரும். அது வரும் வரையில் அடுப்பு எரிந்தாக வேண்டுமே!

அன்று மாலை என் தந்தையார் மைலோ தகரம் ஒன்றைக் கழுவித் துடைத்தார். மூடியில் காசு நுழையும் அளவிற்கு ஒரு கீறல் இட்டு, மூடியைச் சுற்றிலும் மெழுகு உருக்கி ஊற்றினார். தவுக்கே கடையில் கடன் எழுதப் பயன்படும் 555 புத்தகம் ஒன்றைப் புதிதாக வாங்கி வந்தார். கிராணியிடமும் சொல்லி இசைவு பெற்றார். பின்னர் என்னை அழைத்து, "தம்பி, தகரத்தை நீ பிடி, புத்தகத்தை நான் பிடிக்கிறேன்," என்றார்.

இரண்டு மாலைப் பொழுதுகளில் முப்பத்தெட்டு வீடுகளுக்குச் சென்றோம். சிலர் இரண்டு வெள்ளி இட்டனர். பலர் ஒரு வெள்ளி இட்டனர். ஐம்பது காசு இட்டோரும் உண்டு. ஒவ்வொரு வீட்டிலும் இட்ட தொகையைத் தந்தையார் அங்கேயே எழுதி, இட்டவரிடம் காட்டிய பின்னரே அடுத்த வீட்டிற்கு நகர்ந்தார். புல் வெட்டும் வேலை செய்த மூதாட்டி ஒருவர் தம் சேலை முந்தானையின் முடிச்சை அவிழ்த்து, ஓர் இருபது காசு நாணயத்தை எடுத்துத் தகரத்தில் இட்டார். தந்தையார் அதனையும் மற்றவற்றைப் போலவே எழுதி, "பாட்டி, இருபது காசு. சரிதானே?" என்று கேட்டுக் கொண்டார். அவருக்கு எழுத்துத் தெரியாது. எனினும் புத்தகத்தை வாங்கி உற்றுப் பார்த்துவிட்டே திருப்பித் தந்தார்.

முதல் நாள் திரட்டிய பணத்துடன் அத்தகரம் எங்கள் வீட்டில் சாமிப் படத்தின் கீழே இருந்தது. மறுநாள் பிற்பகல் பெற்றோர் இருவரும் வீட்டில் இல்லை. வெளியே ஐஸ்காரரின் மணியோசை கேட்டது. மாணவர்களே, மறைக்காமல் சொல்கின்றேன். நான் தகரத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். விளக்குமாற்று ஈர்க்கு ஒன்றைக் கீறலில் விட்டு நெம்பினேன். இருபது காசு நாணயம் ஒன்று விழுந்தது. அது ஐந்து நிமிடத்தில் என் வாயில் கரைந்து போயிற்று.

இரண்டாம் நாள் இரவு மெழுகை உடைத்து எண்ணினோம். புத்தகத்தில் 61 வெள்ளி 40 காசு; தகரத்தில் 61 வெள்ளி 20 காசு. தந்தையார் மூன்று முறை எண்ணினார். பின்னர்ப் புத்தகத்தைத் தொடக்கத்திலிருந்து கூட்டினார். என்னை அவர் சினந்து பார்க்கவில்லை, ஐயத்துடனும் பார்க்கவில்லை. "எங்கோ ஒரு வீட்டில் நான்தான் தவறாக எழுதிவிட்டேன் போலிருக்கிறது. நாளை மாலை முப்பத்தெட்டு வீட்டிற்கும் மறுபடி போய்க் கேட்டு வருவோம்," என்றார்.

அவ்வாறு போவதாக எண்ணிப் பார்த்தேன். ஒவ்வொரு வாசலிலும் என் தந்தையார் நின்று, "நான் தவறாக எழுதிவிட்டேன்" என்று தலைகுனிந்து சொல்வார். நான் அருகில் தகரத்துடன் நிற்பேன். அதனை என்னால் தாங்க இயலவில்லை. அழுதுகொண்டே உண்மையைச் சொல்லிவிட்டேன். அடி விழும் என்று எதிர்பார்த்தேன், விழவில்லை. அவர் நெடுநேரம் பேசாதிருந்து, ஒன்றே ஒன்று கேட்டார்.

"தம்பி, நீ எடுத்தது யாருடைய இருபது காசு?"

என்னால் விடை சொல்ல முடியவில்லை. நாணயத்தில் பெயர் எழுதியிருப்பதில்லை. எந்த வீட்டுக் காசாகவும் அது இருந்திருக்கலாம். முந்தானை முடிச்சிலிருந்து வந்த காசாகவும் இருந்திருக்கலாம்.

அந்த வாரம் முழுதும் பள்ளி விட்டதும் காலிச் சோடாப் புட்டிகளைத் தேடி எடுத்து, கழுவி, கடையில் கொடுத்தேன். புட்டி ஒன்றுக்கு ஐந்து காசு. நான்கு புட்டிகள் கிடைக்க நான்கு நாள் ஆயிற்று. அந்த இருபது காசைத் தந்தையார் வாங்கி மற்றப் பணத்துடன் சேர்த்தார். புத்தகத்தில் இரண்டு வரிகள் எழுதினார். 'என் வீட்டில் எடுத்தது 20 காசு. என் வீட்டில் திருப்பியது 20 காசு.' 'என் மகன்' என்று அவர் எழுதவில்லை என்பதனை நீங்கள் கவனித்தல் வேண்டும்.

மறுநாள் விடியுமுன் பெரட்டுக் களத்திற்கு என்னையும் அழைத்துச் சென்றார். பேர் கூப்பிட்டு முடிந்ததும், கிராணியின் இசைவுடன் கணக்கை முழுதும் உரக்கப் படித்தார். அந்த இரண்டு வரிகளையும் விடாது படித்தார். ஒருவரும் பேசவில்லை. முதிய மண்டோர் ஒருவர் மட்டும், "கணக்கு நேராக இருக்கிறது," என்றார். அவ்வளவே. ஆனால் அதன்பின் எங்கள் தோட்டத்தில் எவருக்காக நிதி திரட்டினாலும், புத்தகத்தை என் தந்தையாரிடமே கொடுத்தார்கள். குறையே இல்லாத கணக்கைக் காட்டிய மனிதரைக் காட்டிலும், குறையை மறைக்காமல் படித்த மனிதரை அவர்கள் நம்பினார்கள் என்றே நான் கருதுகின்றேன்.

பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்ததோ அதற்கு நேர்மாறாக நடந்தது. இரவில், வீட்டின் பின்வாசல் வழியாகச் சென்று, அந்த அம்மையாரிடம் கொடுத்துக் கைநாட்டு வாங்கிக்கொண்டு உடனே திரும்பினோம். ஏன் இப்படி என்று வழியில் கேட்டேன். "கொடுத்த கணக்கு ஊருக்குத் தெரியவேண்டும். வாங்கிய கையை ஊர் பார்க்க வேண்டியதில்லை," என்றார். என் தந்தையார் மூன்றாம் வகுப்பு வரை மட்டுமே படித்தவர். பின்னாளில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நான் படித்த நூல்கள் எவையும் இவ்வொழுக்கத்தை இத்துணைச் சுருக்கமாக எனக்குச் சொல்லவில்லை.

2. சிறு காசு செய்த பெருஞ்செயல்கள்

'ஏழைகள் இடும் பத்துக் காசால் என்ன ஆகிவிடும்?' என்று கேட்போர் உண்டு. அவர்களுக்கு வரலாறே விடை கூறும்.

1949ஆம் ஆண்டில் மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் நிறுவப்பட்டது. அங்கே தமிழுக்கு இடம் வேண்டும் என்று குரல் எழுந்தபோது, 1935ஆம் ஆண்டில் தமிழ் முரசு இதழைத் தொடங்கிய தமிழவேள் கோ. சாரங்கபாணி அவர்கள் 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் பெயரில் நிதி திரட்டினார். பல்கலைக்கழகத்திற்குத் தமிழ் நூல்கள் வாங்குவதற்கான நிதி அது. பெருஞ்செல்வர் சிலரிடம் மட்டும் அவர் கை நீட்டவில்லை; ஆளுக்கு ஒரு வெள்ளி தாருங்கள் என்று உழைக்கும் மக்களிடமே கேட்டார். தோட்டத் தொழிலாளரும் துறைமுகத் தொழிலாளரும் அந்த ஒரு வெள்ளியைக் கொடுத்தனர். இந்திய ஆய்வியல் துறை 1956ஆம் ஆண்டில் தொடங்கியது. அன்று ஒரு வெள்ளி கொடுத்தவருள் மிகப் பலர் அப்பல்கலைக்கழகத்தின் வாயிலைக் கண்ணால் கண்டதும் இல்லை. ஆயினும் அவர்தம் பேரப்பிள்ளைகள் அதனுள் அமர்ந்து படித்தனர்.

நம்முடன் வாழும் சீனச் சமூகத்தாரின் வரலாற்றிலும் இத்தகைய நிகழ்ச்சி உண்டு. சிங்கப்பூரில் நன்யாங் பல்கலைக்கழகம் அமைக்க நிதி திரட்டியபோது, பெருவணிகரான டான் லார்க் சை அவர்கள் ஐம்பது இலட்சம் வெள்ளி கொடுப்பதாக அறிவித்தார். அதே நிதிக்கு 1954ஆம் ஆண்டில் திரிஷா மிதிக்கும் தொழிலாளர் தம் ஒரு நாள் வருமானத்தை அப்படியே கொடுத்தனர். ஐம்பது இலட்சத்தை மக்கள் போற்றுகின்றனர். அந்த ஒரு நாள் கூலியையோ நெஞ்சம் நெகிழ்ந்து நினைவுகூர்கின்றனர். காரணம் வெளிப்படை. அன்றைய உணவு அன்றைய உழைப்பில் இருந்தவர்கள் கொடுத்த பணம் அது.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டையும் மாணவர்கள் அறிதல் நலம். 1960ஆம் ஆண்டில், பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் வேலையும் வீடும் இழந்து தவித்தபோது, துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தோட்டந்தோறும் சென்று, பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துப் பங்குதாரர் ஆகுமாறு தொழிலாளரை வேண்டினார். அது நன்கொடை அன்று, பங்கு முதலீடு. பங்கு முதலீட்டில் கொடுத்தவருக்கே உரிமை உண்டு. நன்கொடையில் கொடுத்தவருக்கு யாதொரு பயனும் திரும்பி வாராது. இரண்டும் நல்லவையே. எனினும் ஒன்றின் பெயரைச் சொல்லி மற்றொன்றைச் செய்தல் ஆகாது. பணம் கேட்பவர் 'இது நன்கொடையா, கடனா, முதலீடா?' என்பதனைத் தெளிவாகச் சொல்லுதல் கடமை. கொடுப்பவர் அதனைக் கேட்டறிதலும் கடமையே.

கடல் கடந்த நாட்டிலிருந்தும் ஒரு சான்று காட்டுவேன். கனடா நாட்டின் டெரி ஃபாக்ஸ் என்னும் இளைஞர் 1977ஆம் ஆண்டில் எலும்புப் புற்றுநோயால் தம் வலக்காலை இழந்தார். அப்போது அவருக்கு வயது பதினெட்டு. மருத்துவமனையில் தம்மினும் இளைய பிள்ளைகள் அந்நோயால் துன்புறுதலைக் கண்ட அவர், புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டுவதற்காகச் செயற்கைக் காலுடன் தம் நாட்டின் குறுக்கே ஓட முடிவு செய்தார். 1980 ஏப்ரல் 12ஆம் நாள் தொடங்கி, 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். நோய் நுரையீரலுக்கும் பரவியமையால் ஓட்டம் நின்றது. 1981 ஜூன் 28ஆம் நாள், இருபத்திரண்டாம் வயதில் அவர் காலமானார். தம் நாட்டு மக்கள் ஒவ்வொருவரும் ஒரு டாலர் கொடுக்க வேண்டும் என்பதே அவர் விருப்பம். அவர் உயிருடன் இருந்தபோதே அந்த அளவு நிதி சேர்ந்தது. அதன்பின் மகன் விட்ட பணியை அவருடைய தாயார் பெட்டி ஃபாக்ஸ் அம்மையார், 2011ஆம் ஆண்டில் தாம் மறையும் வரையில் தொடர்ந்து செய்தார். அவர் பெயரால் நடைபெறும் ஓட்டம் பல நாடுகளில் நிகழ்ந்துள்ளது. நம் கோலாலம்பூரிலும் நிகழ்ந்துள்ளது. பெற்றோரும் குழந்தைகளும் கைகோத்து அதில் நடப்பர். பெற்றோர் பிள்ளைக்குக் கற்பித்தல் இயல்பு. பிள்ளை தொடங்கியதைப் பெற்றோர் ஏற்று நடத்துதலும் உண்டு என்பதற்கு இத்தாயும் மகனும் சான்று.

3. நான் செய்த பிழை

இத்தனையும் அறிந்த நானே ஒரு முறை பெரும்பிழை செய்தேன். அதனை இம்மலரில் எழுதுவதற்கு எனக்குத் தயக்கம் இருந்தது. என் தந்தையார் படித்த அந்த இரண்டு வரிகளை எண்ணித் துணிந்து எழுதுகின்றேன்.

2018ஆம் ஆண்டில், நான் பணியாற்றிய பள்ளியில் அறநிதி நடை ஒன்றனை ஏற்பாடு செய்தோம். அருகிலுள்ள நகரின் இரத்தச் சுத்திகரிப்பு நிலையத்திற்கு உதவுவதே நோக்கம். சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்தவர், பொதுவாக வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் இயந்திரத்துடன் இணைந்திருத்தல் வேண்டும். ஒரு முறை தவறினாலும் உடலில் நீரும் நச்சுப்பொருள்களும் தேங்கும். நம் தோட்டப்புறங்களில் நீரிழிவு நோயும் உயர் இரத்த அழுத்தமும் மிகுந்திருத்தலால், இத்துன்பத்தை அறியாத குடும்பங்கள் குறைவு.

மாணவர் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை கொடுத்தோம். திடலை எத்தனை முறை சுற்றி வருகின்றாரோ, அத்தனை சுற்றுக்கும் உற்றார் உறவினர் வாக்களித்த தொகையை வாங்கி வருதல் வேண்டும். பெற்றோரும் உடன் நடக்கலாம் என்று அறிவித்தோம். இதுவரையில் குறையொன்றும் இல்லை. ஆர்வம் மிகும் என்று எண்ணி, நான் ஒன்று செய்தேன். யார் யார் எவ்வளவு வாக்குப் பெற்றனர் என்பதனைத் தொகை வரிசைப்படி எழுதி, அறிவிப்புப் பலகையில் நடைக்கு ஒரு வாரம் முன்பே ஒட்டினேன். முதலிடத்தில் ஒரு கடைக்காரரின் மகன், முந்நூறு வெள்ளி. கடைசி இடத்தில் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி, மூன்று வெள்ளி.

நடை நாளன்று அந்தச் சிறுமியின் தந்தை அவளை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து வாயிலில் இறக்கிவிட்டு உடனே திரும்பிவிட்டார். மற்றப் பிள்ளைகள் தாய் தந்தையர் கைபிடித்து நடக்க, அவள் மட்டும் தனியே நடந்தாள். ஒன்பது சுற்று நடந்தாள். ஆசிரியை ஒருவர் போதும் என்று சொல்லியும் நிற்கவில்லை. பின்னரே எனக்குத் தெரிய வந்தது: அந்நிலையத்தில் வாரம் மூன்று நாள் படுத்திருந்தவர்களுள் அவளுடைய பாட்டியும் ஒருவர்.

மறு வாரம் அவர் வீட்டிற்குச் சென்றேன். செம்பனைத் தோட்டத்தில் பழக்குலை அறுப்பவர் அவர். தேநீர் கொடுத்துவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சார், எங்க பேரு கடைசியில இருந்ததைப் பிள்ளை பார்த்துட்டு வந்து சொல்லிச்சு. அம்மாவைக் கூட்டிப் போகவும் கூட்டி வரவும் மாசம் பூரா வண்டிக்கு எண்ணெய் போடுறேன். அதை எந்தப் பலகையில சார் எழுதுவாங்க?"

நான் விடை சொல்லவில்லை. சொல்ல ஒன்றும் இல்லை. தந்தையார் இருபது காசையும் இரண்டு வெள்ளியையும் ஒரே எழுத்தில் எழுதினார்; பெரியது முதல் சிறியது வரை என்று வரிசைப்படுத்தவில்லை. வீட்டு வரிசைப்படி எழுதினார். அந்தப் புத்தகம் கணக்கிற்காக எழுதப்பட்டது. என் பலகையோ போட்டிக்காக எழுதப்பட்டது. கணக்கு வேறு, போட்டி வேறு என்பதனை நாற்பது ஆண்டுகள் கழித்து, ஒரு தொழிலாளியின் வீட்டுத் திண்ணையில் நான் இரண்டாம் முறையாகக் கற்றேன்.

மறு ஆண்டு முறையை மாற்றினோம். தொகையை உறையிலிட்டு ஒட்டிக் கொடுத்தல் வேண்டும். ஒவ்வோர் உறைக்கும் பற்றுச்சீட்டு அவ்வக் குடும்பத்திற்கு மட்டும் வழங்கப்படும். பள்ளிக்கு அறிவிப்பது மொத்தத் தொகை மட்டுமே. பலகையில் எழுதியது ஒன்றே: பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து எத்தனை சுற்று நடந்தனர் என்பது. அவ்வாண்டு அந்தத் தந்தை வந்தார். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பதினான்கு சுற்று நடந்தார். உறைகளைப் பிரித்து எண்ணும் இருவருள் ஒருவராக இருக்குமாறு அவரை வேண்டிக் கொண்டேன், இசைந்தார். நாணயங்களைப் பத்துப் பத்தாக அடுக்கி, மகளைக் கொண்டே எண்ணச் செய்தார்.

4. கடைப்பிடிக்க வேண்டிய நெறிகள்

மேற்கண்டவற்றிலிருந்து பெற்றோரும் பிள்ளைகளும் கொள்ளத்தக்க நெறிகளை வரிசையாகத் தருகின்றேன்.

முதலாவது, காரணத்தைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். யாருக்காக, எதற்காக, எவ்வளவு தேவை என்பதனை ஏழு வயதுப் பிள்ளைக்கும் விளங்குமாறு சொல்ல இயலும். காரணம் அறியாத பிள்ளை தகரத்தைச் சுமக்கும். காரணம் அறிந்த பிள்ளையோ பொறுப்பைச் சுமக்கும்.

இரண்டாவது, உரிய இசைவு பெறுங்கள். மலேசியாவில் வீடு வீடாகவும் தெருக்களிலும் நிதி திரட்டுதல் பற்றிய 1947ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளது. பொதுமக்களிடம் அவ்வாறு நிதி திரட்டுவதற்குக் காவல் துறையின் உரிமம் தேவை. எங்கள் காலத்தில் கிராணியிடம் சொன்னதே போதும் என்று எண்ணியிருந்தோம். இன்று அவ்வாறு எண்ணுதல் தவறு. பள்ளியின் பெயரால் செய்வதாயின் தலைமையாசிரியரின் எழுத்து வழி இசைவும் வேண்டும்.

மூன்றாவது, பிள்ளையைத் தனியே அனுப்பாதீர்கள். பெற்றோர் உடன் வர, பகற்பொழுதில், அறிந்த இடங்களுக்கு மட்டுமே செல்லுதல் வேண்டும். அந்நியர் வீட்டினுள் நுழைதல் கூடாது. பிள்ளையின் முகத்தைக் காட்டி இரக்கத்தைத் தூண்டும் கருவியாக அதனை ஆக்குதலும் கூடாது. பிள்ளை உதவியாளனாக வருகின்றான். காட்சிப் பொருளாக அன்று.

நான்காவது, வாங்கியதை வாங்கிய இடத்திலேயே எழுதுங்கள். பற்றுச்சீட்டுக் கொடுங்கள். எண்ணும்போது இருவர் இருங்கள். எழுதும் வேலையையும் எண்ணும் வேலையையும் பிள்ளைக்கும் பகிர்ந்து கொடுங்கள். அது நேர்மைக்கும் பயிற்சி, கணிதத்திற்கும் பயிற்சி.

ஐந்தாவது, கொடாதவரை இகழாதீர்கள். 'இல்லை' என்று சொன்னவரிடமும் நன்றி கூறி விடைபெறப் பிள்ளையைப் பழக்குங்கள். அவ்வீட்டின் சுமை நாம் அறியாதது.

ஆறாவது, பெறுபவரின் மானத்தைக் காத்திடுங்கள். காசோலையை நீட்டிப் படம் எடுத்து ஊரெங்கும் பரப்புதல் இக்காலத்தில் எளிதாகிவிட்டது. படம் இன்றியும் பணம் போய்ச் சேரும். கையொப்பமும் கணக்கும் இருந்தால் போதும்.

ஏழாவது, ஏமாறாதீர்கள். இப்போது கைப்பேசியிலே கியூஆர் குறியீட்டை வருடி நொடிப்பொழுதில் பணம் அனுப்ப முடிகின்றது. அதே வேகத்தில் வஞ்சகரும் இயங்குகின்றனர். துயரக் கதையொன்று கைப்பேசியில் வந்தால், பணம் யார் பெயருக்குச் செல்கின்றது என்று பார்த்து, உரியவரிடம் நேரில் கேட்டறிந்த பின்னரே அனுப்புங்கள். இதனையும் பிள்ளையை அருகில் வைத்துக்கொண்டே செய்யுங்கள்.

எட்டாவது, தவறு நேர்ந்தால் மறைக்காதீர்கள். பிள்ளை தவறு செய்தால், திருத்திக்கொள்ள வழி காட்டுங்கள். அத்தவறில் உங்கள் பெயரையும் சேர்த்து எழுதிக் கொள்ளுங்கள்.

5. ஒரு சிறு கணக்கு

நம் முன்னோர் சமைக்குமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே ஒரு பானையில் இட்டு, அறச்செயலுக்கு ஒதுக்கும் வழக்கம் உடையவராய் இருந்தனர். அதற்குப் பிடியரிசி என்று பெயர். அதனை இன்று நாணயத்தில் செய்து பார்ப்போம். தோட்டத்தில் அறுபது குடும்பங்கள் உள்ளன என்று கொள்வோம். ஒவ்வொரு குடும்பத்திலும் பிள்ளையொருவர் தாயுடன் சேர்ந்து நாள்தோறும் பத்துக் காசு உண்டியலில் இடுகின்றார். ஒரு நாளைக்கு 6 வெள்ளி. முப்பது நாளைக்கு 180 வெள்ளி. ஓராண்டிற்கு, அதாவது 365 நாளைக்கு, 2,190 வெள்ளி. ஒரு குடும்பத்திற்கு ஆண்டில் ஏற்படும் செலவோ 36 வெள்ளி 50 காசு மட்டுமே. திடீரென நோயுற்றவருக்கு வண்டிச் செலவும், வேலையிழந்த வீட்டிற்கு ஒரு மாத மளிகையும் இதிலிருந்தே கொடுக்கலாம். எவரும் எவர் வாசலிலும் நிற்க வேண்டியதில்லை.

முடிவுரை

மாணவச் செல்வங்களே! உங்கள் தாய் தந்தையர் ஒரு நற்செயலுக்காக வெளியே புறப்படும்போது, "நானும் வருகிறேன்" என்று கேளுங்கள். பெற்றோர்களே! அவ்வாறு கேட்கும் பிள்ளையை, "உனக்கு என்ன தெரியும்?" என்று சொல்லி வீட்டில் இருத்திவிடாதீர்கள். தகரத்தை அதன் கையில் கொடுங்கள். புத்தகத்தை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். சில ஆண்டுகள் கழித்துப் புத்தகத்தையும் அதனிடமே கொடுங்கள்.

என் தந்தையார் இன்று இல்லை. அந்த 555 புத்தகம் என்னிடம் உள்ளது. தாள்கள் பழுப்பேறிவிட்டன, பென்சில் எழுத்து மங்கிவிட்டது. எனினும் 'என் வீட்டில்' என்னும் சொற்களை இன்னும் படிக்க முடிகின்றது.

பயிற்சி வினாக்கள்

1. ஒப்புரவு, ஈகை ஆகியவற்றிற்கு இடையேயுள்ள வேறுபாட்டை உம் சொந்த நடையில் எழுதுக.
2. நன்கொடைக்கும் பங்கு முதலீட்டிற்கும் உள்ள வேறுபாடு யாது?
3. 'என் மகன்' என்று எழுதாமல் 'என் வீட்டில்' என்று தந்தை எழுதியமைக்குக் காரணம் என்னவாக இருக்கலாம்? பெற்றோருடன் கலந்துரையாடி விடை எழுதுக.
4. நாற்பத்தைந்து குடும்பங்கள் நாளொன்றுக்கு இருபது காசு வீதம் முப்பது நாள் சேமித்தால் கிடைக்கும் மொத்தத் தொகை எவ்வளவு?
5. உம் தோட்டத்திலோ குடியிருப்பிலோ உதவி தேவைப்படும் ஒரு குடும்பத்திற்கு, அவர்தம் மானம் குன்றாதவாறு எவ்வாறு உதவலாம்? பத்து வரிகளில் எழுதுக.